கடலில்லாத ஊரில் ஒரு கடல் கோடு

கடுகண்ணாவை ஏற்றத்தில் எங்கள் வான் வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஓட்டுநர் ரிஸ்வான் முன்மூடியைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று எழுந்தது. கடந்துபோன பேருந்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார்கள்.

"பயப்பட வாணம் தங்கச்சி," என்றார் ரிஸ்வான். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மடவளை அவருடைய ஊர். "தண்ணி முடிஞ்சி ஈக்கி, வேற ஒண்டும் இல்ல. ஆறினாப் போகலாம்."

எனக்குப் பயம் இல்லை. சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினி, அதன் சார்ஜர், இலங்கைச் சுவருக்குப் பொருந்தும் பிளக், மழைக்கோட்டு, அம்மா கொடுத்தனுப்பிய மக்ரூன் டப்பா இரண்டு, வரைபடங்களைச் சுருட்டி வைத்த நீளக் குழாய் ஒன்று. எல்லாம் இருந்தன.

பக்கத்துக் கடையில் ரிஸ்வான் பிளேன்டீ வாங்கித் தந்தார். அதில் சர்க்கரை கிடையாது. கூடவே ஒரு தட்டில் கித்துள் என்னும் மலைப்பனையின் கருப்பட்டித் துண்டுகள். ஒரு கடி, ஒரு மிடறு என்று குடிக்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பனங்கருப்பட்டி தொண்டையைப் பிடிக்கும். இது நாக்கிலேயே கரைந்துபோனது. இருந்தாலும் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க முடியுமா? "எங்க தூத்துக்குடி கருப்பட்டிதான் அண்ணே நல்லாயிருக்கும்," என்றேன்.

"அப்ப என்னத்துக்கு மூணாவது துண்டு எடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் கண்டிக்குப் போனது கோயில் பார்க்கவோ தேயிலைத் தோட்டம் பார்க்கவோ அல்ல. தூத்துக்குடியில் நான் வேலை செய்யும் சிறு அலுவலகம் கடல் வரைபடங்கள் தயாரிக்கிறது. மன்னார்க் கரையில், ஒரு முகத்துவாரத்துக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு மீனவ ஊர்கள். அவற்றின் எதிரே உள்ள கடலில் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பாக அறிவிக்கப் போகிறார்கள். அங்கே பவளப்பாறைகள் இருக்கின்றன. வலையும் தூண்டிலும் விழாத ஒரு துண்டுக் கடல் இருந்தால், அங்கே பெருகும் மீன் வெளியேயும் வரும் என்பது கணக்கு. அந்தத் துண்டைப் படத்தில் சிவப்பாகக் காட்டுவார்கள். சிவப்பின் எல்லையை வரைந்தவள் நான்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு ஊர்ப் பிரதிநிதிகளும் படத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு படம் வர்த்தமானி என்னும் அரசிதழுக்குப் போய்ச் சட்டமாகிவிடும். அதற்கப்புறம் கோட்டை நகர்த்துவது என்றால் ஆண்டுக்கணக்கில் அலையவேண்டும்.

கடல் விஷயத்துக்கு ஏன் மலையூர் என்று ரிஸ்வானிடம் கேட்டேன். ஒரு ஊரில் கூட்டம் வைத்தால் மற்ற ஊர் வராதாம். மன்னார் நகரத்தில் வைத்தபோது இரண்டு தரப்பும் வந்து, நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டார்களாம், உட்காருவதற்கு அல்ல. அதனால் கடலே கண்ணில் படாத இடமாகப் பார்த்திருக்கிறார்கள்.

*

எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தது கண்டியை அடுத்த கெலிஓயாவில் ஒரு பயிற்சி விடுதி. கூட்ட மண்டபமும் அங்கேயே. சமையலறைப் பொறுப்பு தனலட்சுமி அக்காவுடையது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கெலிஓயா டவுனில் கல்யாணம் செய்து வந்தவர். அவர் பேசியது எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கேட்பது போலவே இருந்தது.

"வாங்கம்மா, இந்தியாவுல இருந்தா வாறீங்க? எங்க தாத்தாமாரும் அங்கருந்துதான் வந்தாங்களாம். எந்த ஊருன்னுதான் தெரியல. சோறு போடவா?"

சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, மல்லுங் என்று அவர் சொன்ன தேங்காய்ப்பூ போட்ட கீரை, மீன் குழம்பு. நான் மீன் தவிர எல்லாம் இரண்டு தரம் வாங்கினேன். கடற்கரைக்காரிக்கு மலையூர் மீன் எப்படியிருக்கும் என்று தெரியும்.

பிற்பகல் மூன்று மணிக்கு மன்னார்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஊருக்கு ஆறு பேர். பேருந்தின் முன்பாதியில் ஓர் ஊர், பின்பாதியில் மற்ற ஊர். பேச்சுக்கு முன்நிற்பவர்கள் இருவர். வடக்கு ஊரிலிருந்து சூசை அண்ணன். நாற்பது வயதிருக்கும், கத்தோலிக்கர், தலையில் துவாயைக் காதுவரை இழுத்துக் கட்டியிருந்தார். தெற்கு ஊரிலிருந்து ஹனிபா நானா; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவர் கொஞ்சம் மூத்தவர், பிள்ளைகள் போடுவது போன்ற கம்பளித் தொப்பி ஒன்றை வழியில் எங்கோ வாங்கிப் போட்டிருந்தார். எனக்கு அது இதமான குளிர்தான். அவர்களுக்குப் பல் தந்தியடித்தது.

சூசை அண்ணன் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தூத்துக்குடியோ? உங்கட றோலருகள்தானே வந்து எங்கட வலையை வாரிக்கொண்டு போறது?"

"அந்த இழுவைப் படகெல்லாம் எங்க ஊருது இல்லண்ணே. எங்க அப்பா வச்சிருந்தது வள்ளம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறியள். ஆற்ற றோலரெண்டு கேட்டா ஒருத்தற்றையும் இல்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மக்ரூன் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்று எடுத்து, முகர்ந்து, முழுதாக வாயில் போட்டார். "இது பரவாயில்லை. றோலருக்குக் கழிச்சுப்போடலாம்."

இரவுச் சாப்பாட்டில் மீனைப் பார்த்ததும் இரண்டு ஊரும் முதன்முதலாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. ஹனிபா நானா ஒரு துண்டைக் கரண்டியால் புரட்டினார். "இது மௌத்தானது போன பெருநாளுக்கு," என்றார். சூசை அண்ணன், "இல்ல நானா, அதுக்கு முதல் வந்த நத்தாருக்கு," என்றார், கிறிஸ்துமஸைச் சொல்லி. தனலட்சுமி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கொழும்புல இருந்து ஐசுல வருதுங்க. நல்ல மீனு வேணும்னா வரையில நீங்க கொண்டாந்திருக்கணும்," என்றார். இருவரும் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார்கள்.

*

இரண்டாம் நாள் காலை படத்தை மேசைமேல் விரித்தேன். நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பைகள். திட்ட அதிகாரி சிங்களத்தில் பேசப் பேச, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. இந்தக் கடலில் உயிருள்ள பவளத்திட்டுகள் இரண்டு: நடுவில் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இரண்டில் ஒன்றை மூடவேண்டும். கணக்கெடுப்புக் குழு இரண்டு ஊருக்கும் போய், எங்கே தொழில் செய்கிறீர்கள் என்று ஒவ்வொரு படகுக்காரரிடமும் கேட்டுப் புள்ளி வைத்தது. எல்லாப் புள்ளிகளும் வெளிப்பக்கம். நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. எனவே யாருடைய பிழைப்பும் கெடாதபடி நடுத்திட்டை மூடுகிறோம்.

"உங்களைக் கேட்காமல் ஒரு கோடும் போடவில்லை," என்று முடித்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஊருக்கு எதிரே உள்ள தீவுகளில் யாரும் இறங்கக் கூடாது. என் அத்தை அங்கே பாசி எடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். கோடு போட்ட காலத்தில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. இங்கே கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் மண்டபத்தில் யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. சூசை அண்ணன் எழுந்து வந்து படத்தின்மேல் குனிந்தார். சிவப்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஹனிபா நானாவும் மறுபக்கத்திலிருந்து வந்து குனிந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

"ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார்.

"மூடுறது பிழையெண்டு நாங்கள் சொல்லேல்ல," என்றார் சூசை அண்ணன். "நாங்கள் ஞாயிறு கடலுக்குப் போறேல்ல. நானாமார் வெள்ளிக்கிழமை போறேல்ல. கிழமையில ரெண்டு நாள் கடல் மூடித்தானே கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

*

பிற்பகல் ஓய்வு. ரிஸ்வான் எங்களைக் கண்டி நகரத்துக்குக் கூட்டிப்போனார். வானில் ஆறு பேருக்குத்தான் இடம். சூசை அண்ணனும் ஹனிபா நானாவும் நானும் வாவிப் பக்கம் இறங்கினோம். மற்றவர்கள் துணிக்கடைக்குப் போனார்கள்.

வாவியின் சுவரோரம் பிள்ளைகள் சோளப்பொரி வாங்கித் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார்கள். வீசிய இடத்தில் தண்ணீர் கறுத்துப் புரண்டது. மீன்கள்! ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். பயமே இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இதை ஒருத்தரும் பிடிக்கிறேல்லையோ?" என்றார் சூசை அண்ணன்.

"பிடிக்கக் கூடாதாம்."

"எப்பத்தையில இருந்து?"

"தெரியலண்ணே. ரொம்ப நாளாவே இருக்கும்."

"ஒண்டு மூண்டு கிலோ வரும்," என்றார் ஹனிபா நானா. "கூட," என்றார் சூசை அண்ணன். "அந்தா அது நாலு." இருவரும் சுவரில் வயிற்றை வைத்து எட்டிக் காட்டத் தொடங்க, காவலர் ஒருவர் தூரத்திலிருந்து விசில் ஊதினார். ஹனிபா நானா கையை மடக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிமிர்ந்தார்.

"அப்ப மகள், மூடி வச்சா மீன் இப்பிடித்தான் வருமா?"

"இது குளம் நானா, கடல் வேற. ஆனா வரும்."

"வரட்டும், நல்லதுதான்," என்றார். பிறகு மெதுவாக, யாரிடமும் இல்லாமல், "எந்த இடத்தை மூடுறதெண்டதுதானே கதை," என்றார்.

அங்கிருந்து சந்தை, சந்தையிலிருந்து ஒரு கூட்டத்தோடு எந்தெந்தத் தெருவோ. மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் வான் நிறுத்திய சந்தின் பெயர் எனக்குத் தெரியவில்லை. ரிஸ்வானின் தொலைபேசி அணைந்திருந்தது. என் தொலைபேசியில் கண்டி முழுவதும் இருந்தது. வான் நின்ற இடத்தை அதில் குறித்துவைக்க மட்டும் மறந்திருந்தேன். தொழில் வரைபடம் வரைவது என்று இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

சூசை அண்ணன் பதறவில்லை. தலையைத் தூக்கி மலைகளைப் பார்த்தார். கண்டி நகரத்தின் எந்த மூலையில் நின்றாலும் குன்றின்மேல் அமர்ந்திருக்கும் பெரிய வெள்ளைப் புத்தர் தெரிவார். எதிர்ப்பக்க மலையுச்சியில் கம்பிக் கோபுரங்கள் தெரியும்.

"இறங்கேக்க புத்தர் அந்தத் தண்ணித் தாங்கிக்கு நேர மேல இருந்தவர்," என்றார். "இந்தப் பக்கம் கம்பிக் கோபுரம் பச்சைக் கட்டடத்தின்ர மூலையில நிண்டது. ரெண்டும் ஒண்டாச் சேருற இடம்தான் எங்கட இடம். வாங்கோ."

"நான் இப்பிடிப் போறன்," என்றார் ஹனிபா நானா. எதிர்ச் சந்தில் நடந்தார்.

நான் சூசை அண்ணன் பின்னால் போனேன். அவர் தெருவைப் பார்த்து நடக்கவே இல்லை. புத்தரையும் தண்ணீர்த் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே, முச்சக்கர வண்டிகளின் திட்டுகளை வாங்கிக்கொண்டே நடந்தார். கால்மணி நேரத்தில் வான் வந்துவிட்டது. அதற்குள் ஹனிபா நானா உட்கார்ந்து வறுத்த கச்சான், அதாவது வேர்க்கடலை, கொறித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதைப் பாத்து வந்தீங்க நானா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்றதில்ல மகள்," என்று கச்சான் பொட்டலத்தை நீட்டினார்.

*

விடுதி வாசலில் சூசை அண்ணன் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"தங்கச்சி, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் அரக்கேலாதோ?"

அரக்குவது என்றால் நகர்த்துவது. "ஏன் அண்ணே?"

"சும்மாதான்."

"சும்மா நகர்த்த முடியாதுண்ணே. காரணம் எழுதணும்."

வாயைத் திறந்தார். முற்றத்தின் மறுபக்கம் ஹனிபா நானா கால் கழுவிக்கொண்டிருந்தார். சூசை அண்ணன் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகும்போது அவர் முகம், வலை அறுந்தவர் முகம் போல இருந்தது. அப்பாவின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலை எழுந்து கணினியைத் திறந்தேன். குழப்பம் வந்தால் நான் கையிலிருக்கும் தகவல்களை வரிசையாக எழுதிப் பார்ப்பேன். அன்று எழுதியவை: மீனவர்கள் காட்டிய புள்ளிகள். அந்த இடங்களின் ஆழம். அந்த இடங்களின் தரை. இரண்டு ஊர்களிலும் கரைக்கு வரும் மீன்கள்.

கடைசி இரண்டையும் அருகருகே வைத்தபோது கை நின்றது. கரைக்கு வருபவை கலவாயும் விளமீனும். இரண்டும் பாறையை விட்டு நகராத மீன்கள். அவர்கள் காட்டிய புள்ளிகள் எல்லாம், வெளித்திட்டைச் சுற்றியிருக்கும் வெறும் மணல்.

மணலில் கலவாய் எப்படி வரும்?

அப்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். சிறுவயதில் அவரைத் திசை தெரியாத மனிதர் என்று நினைத்திருந்தேன். கிழக்கே போய்வந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் "தெக்க" என்பார். தெற்கே போய்வந்தால் "சும்மா, கரையோரந்தான்" என்பார். மீன் கிடக்கும் பாறைக்கு எங்கள் ஊரில் பார் என்று பெயர். தன் பாரை எந்த மீனவனும் வெளியே சொல்லமாட்டான். மச்சானுக்குச் சொல்லமாட்டான். கையில் கருவியோடு வந்து அன்பாகக் கேட்கும் கணக்கெடுப்புக் குழுவுக்கா சொல்வான்?

இரண்டு ஊரும் பொய் சொல்லியிருக்கின்றன. தங்கள் பாருக்கு முடிந்தவரை தூரமாகக் கையைக் காட்டியிருக்கின்றன. நாங்கள் அந்தப் பொய்யை மதித்து, கவனமாக, ஒரு புள்ளியும் விடாமல் ஒதுக்கி, அவர்கள் மறைத்த இடத்தின்மேலேயே சிவப்பைப் பூசியிருக்கிறோம். இப்போது உண்மையைச் சொன்னால் எதிர் ஊருக்குப் பார் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் பார் மூடப்பட்டுவிடும். கையெழுத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்தது.

*

தனலட்சுமி அக்காவிடம் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையைக் கேட்டேன். அரிசி மூட்டைகள், ஓர் அலமாரி, நடுவில் இரண்டு நாற்காலி. "அங்க என்னம்மா செய்யப் போறீங்க?" என்றார். "ரெண்டு பேருகிட்ட தனித்தனியாப் பேசணும் அக்கா." அவர் மேற்கொண்டு கேட்காமல் இடியப்பம் பிழிந்துகொண்டே கதவுப் பக்கம் காவலுக்கு நின்றார்.

முதலில் சூசை அண்ணன். உள்ளே வந்து, அரிசி மூட்டைகளையும் என்னையும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது, சாமியாரிட்டப் பாவம் சொல்லுற பாவசங்கீர்த்தனமோ?"

"அப்படித்தான் வச்சுக்கங்க. மணல்ல கலவாய் நிக்காதுண்ணே."

அவர் உட்கார்ந்தார். துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். குளிரில் வியர்த்திருந்தது.

"வாடைக்காத்து மாசங்கள்ல எங்கட ஊருக்கு அது ஒண்டுதான் தங்கச்சி. முப்பது வள்ளம். அந்த மூண்டு மாசமும் வேற இடத்தில தொழில் இல்லை. அதை மூடினா நாங்கள் கொழும்புக்குக் கூலிக்குத்தான் போகவேணும்."

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"அவன் நிக்கேக்கையோ?"

"எனக்கு மட்டும் சொல்லுங்க. படத்துல புள்ளி வைக்கமாட்டேன். காகிதத்துல எழுதமாட்டேன்."

"சத்தியமா?"

"மாதா மேல."

சொன்னார். கண்டியில் வானைக் கண்டுபிடித்தது போலவேதான். கோயில் சிலுவை எதன்மேல் ஏறி நிற்கவேண்டும், தனிப்பனை எதன் தோளில் தெரியவேண்டும், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் நங்கூரம் போடலாம். நான் கரையின் செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சிலுவையையும் பனையையும் தேடி, இரண்டு கோடுகளைக் கடலுக்குள் நீட்டினேன். அவை நடுத்திட்டின் மேற்கு விளிம்பில் வெட்டிக்கொண்டன.

அடுத்து ஹனிபா நானா. "எங்களுக்கு இப்பிடிப் பாவம் சொல்ற பழக்கம் இல்லையே மகள்," என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருக்கும் அதே கேள்வி, அதே மணல், அதே கலவாய். கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் நூலைப் பிய்த்தார். பிறகு, "சோளகக் காத்துக்கு எங்களுக்கு வேற பிழைப்பு இல்ல," என்றார். அவருடைய அடையாளங்கள் வேறு: பள்ளிவாசல் மினாரா ஒன்று, உப்பளத்துக் கூரை ஒன்று. தெற்கு ஊரிலிருந்து இரண்டு கோடுகள் நீட்டினேன்.

திரையைப் பார்த்து நான் சிரித்துவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நான்கு கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டின. ஒரே பார். வடகிழக்குக் காற்று மாதங்களில் ஒரு ஊர், தென்மேற்குக் காற்று மாதங்களில் மற்ற ஊர். ஒருவர் போகும் காலத்தில் மற்றவர் போவதில்லை. அதனால் இத்தனை காலமும் ஒருவரை ஒருவர் அங்கே சந்தித்ததே இல்லை. ஒரே பாறையை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என்ன மகள், பிரச்சினையா?"

"இல்ல நானா. நான் நெனச்சதைவிட லேசு."

அது உண்மை. இரண்டு ஊருக்கு இரண்டு பார் என்று நினைத்துப் பயந்திருந்தேன். ஒன்றைக் காப்பாற்றினால் போதும். நடுத்திட்டைத் திறந்துவிட்டு வெளித்திட்டை மூடினால் சரியாகிவிடும். ஒன்று மட்டும் தெரியவேண்டியிருந்தது. "வெளித்திட்டுல ஏன் யாரும் தொழில் செய்றதில்ல?"

"அங்க நீவாடு பொல்லாதது," என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். "தூண்டில் நிலத்துல நிக்காது, வலை பாறையில மாட்டி நாரா வரும். அங்க போறவனுக்கு விசர்தான் புடிச்சிருக்கணும்." சூசை அண்ணனிடம் கதவருகே கேட்டபோது, அவரும் ஏறக்குறைய இதே சொற்களைச் சொன்னார்.

*

பதினொரு மணிக்குப் புதிய படத்தைத் திரையில் காட்டினேன். காகிதத்தில் அச்சிட அங்கே வசதியில்லை. சிவப்பு வெளியே போயிருந்தது. பரப்பு பழையதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நேற்று வேறு இடத்தில் இருந்ததே?"

"புள்ளிகள் பிழை," என்றேன். "மணல் தரையில் இந்த மீன்கள் வராது. கவனிக்காமல் விட்டது நான்."

"சரியான புள்ளிகள் எங்கே?"

சூசை அண்ணன் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். ஹனிபா நானா தொப்பியை முறுக்கினார். ஆதாரம் இல்லாமல் கோட்டை மாற்றினேன் என்று அவர் எழுதினால், பழைய சிவப்பே நிற்கும்.

"அவை படத்தில் இருக்காது," என்றேன். "இருந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்குமுன்பே அதிகாரியின் முகம் மாறியது. சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். தமிழில் இப்படி வந்தது: "என் அப்பா இரத்தினக்கல் தோண்டியவர். எந்தக் குழி என்று அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. அவர் வீட்டுக்கு வரும் திசையை வைத்து நாங்கள்தான் ஊகிப்போம்."

பிறகு இரண்டு ஊரையும் பார்த்துக் கேட்டார். "வெளித்திட்டை மூடுவதில் யாருக்காவது ஆட்சேபம்?"

பன்னிரண்டு பேரும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். அத்தனை வேகத்தை அவரே எதிர்பார்க்கவில்லை போலும். சிரித்துவிட்டார். "அங்கே தோணியும் போகாது என்று நினைக்கிறேன். ஆனால் பவளத்துக்கு அது நல்லதுதான்." பவள ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து, வெளித்திட்டு நடுத்திட்டுக்குக் குறைந்ததல்ல என்று உறுதி செய்துகொண்டார். அந்த இருபது நிமிடத்தில் நான் என் பேனா மூடியை முழுதாகக் கடித்துத் தீர்த்தேன்.

கெலிஓயா டவுனில் அச்சிட்டு வந்த படத்தில் ஒரு மணிக்குக் கையெழுத்துகள் விழுந்தன. சூசை அண்ணன் மெதுவாக, எழுத்து எழுத்தாகப் போட்டார். ஹனிபா நானா அவருக்குக் கீழே போட்டார்.

மதியச் சாப்பாட்டில் அதே ஐஸ் மீன். இருவரும் இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தனலட்சுமி அக்கா கேட்டார், "முந்தாநாளு செத்து ஒரு வருசம்னீங்க?"

"இண்டைக்கு உயிர் வந்திட்டுது அக்கா," என்றார் சூசை அண்ணன்.

நான் சோற்றைப் பிசைந்தபோதுதான் கவனித்தேன், காலையிலிருந்து எதுவுமே சாப்பிடவில்லை. அன்று அந்த மீனை நானும் தின்றேன். நன்றாகவே இருந்தது.

*

பேருந்து கிளம்புமுன் சூசை அண்ணன் என்னிடம் வந்தார். "தங்கச்சி, அவன்ர இடமும் தப்பிட்டுதோ?"

"தப்பிடுச்சுண்ணே."

"தூரமோ?"

"உங்களுக்கு இடைஞ்சல் வராது."

திருப்தியோடு போனார். இரண்டு நிமிடம் கழித்து ஹனிபா நானா வந்து, கச்சான் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து, அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். இம்முறை இரண்டு ஊரும் பேருந்தில் கலந்து உட்கார்ந்தன. ஒற்றுமையால் அல்ல, மழை ஒழுகும் இருக்கைகள் எல்லாம் பின்பாதியில் இருந்ததால்.

ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து ஒரு காலையில் இலங்கை எண்ணிலிருந்து அழைப்பு. சூசை அண்ணன். எடுத்ததும் திட்டத் தொடங்கினார்.

"நீ பெரிய கள்ளி! காத்து இந்த வருசம் முந்தியே மாறிட்டுது. நான் போய் நங்கூரம் போடுறன், அங்க ஆர் நிக்கிறது? நானா! வள்ளத்தில இருந்துகொண்டு கச்சான் தின்னுறார்."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறமென்ன. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டம். பிறகு அவர் கேட்டார், அந்தத் தூத்துக்குடிப் பெட்டைக்கு இது தெரியுமோ எண்டு. தெரியும் எண்டன். ரெண்டு பேரும் சிரிச்சதில மீன் எல்லாம் ஓடியிருக்கும்." பின்னால் கடல் இரைச்சல் கேட்டது, யாரோ சிரிப்பதும் கேட்டது. "இனி மாசத்தைப் பிரிச்சுக் கதைச்சிட்டம். ஆனா மூண்டாவது ஊருக்குத் தெரியக் கூடாது, கேட்டியோ?"

கேட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஊர்களின் பெயர் இல்லை. சிலுவை, பனை, மினாரா, உப்பளத்துக் கூரை என்று நான் மேலே எழுதியவற்றை வைத்து யாரும் கடலில் கோடு நீட்டிப் பார்க்கவும் வேண்டாம். அங்கே வெறும் மணல்தான் இருக்கும். நான் எங்கள் அப்பாவின் மகள்.